ஹெபடைடிஸ் பி பரிசோதனைத் தொகுப்பும் அதன் மரபணு இணைப்பும்: வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு மதிப்பீடு

பழைய வண்ணாரப்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இயங்கும் ஒரு தனியார் பரிசோதனை நிலையம், ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்கென்று ஒரு கண்காணிப்புத் தொகுப்பை விற்று வருகிறது. அதற்கு மேல் கூடுதல் கட்டணம் கட்டினால் 'நோயெதிர்ப்பு மரபணு விவரம்' என்ற இணைப்பும் கிடைக்கும். என் மனைவியின் தம்பிக்காக இரண்டையும் வாங்கிப் பார்த்தோம். அடிப்படைத் தொகுப்பு கொடுத்த பணத்துக்குத் தகுந்ததுதான், ஆனால் அறிக்கையை அச்சிடும் முறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. மரபணு இணைப்போ, அதன் பின்னால் உள்ள அறிவியல் உண்மையானது என்றாலும், இன்றைய நிலையில் நோயாளியின் சிகிச்சைக்கு உதவாது. நிலையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இத்தகைய இணைப்பை எவர் விற்றாலும் கேட்க வேண்டிய கேள்விகள்தான் கீழே வருபவை.

நுண்ணுயிரியல் படித்துச் சில காலம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால், குடும்பத்தில் எவருக்கு ரத்தப் பரிசோதனை என்றாலும் உடன் போகும் பொறுப்பு என்னிடம் வந்துவிடும். மைத்துனர் துறைமுகத்தில் வேலை செய்கிறார். ரத்ததான முகாம் ஒன்றில் கொடுத்த ரத்தத்தைச் சோதித்தபோதுதான் ஹெபடைடிஸ் பி இருப்பதே தெரியவந்தது. அதுவரை மஞ்சள் காமாலை வந்ததில்லை, வயிற்றுவலி என்று ஒருநாள் கூடப் படுத்ததில்லை. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் ஏறக்குறைய 90 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு அது நாள்பட்ட தொற்றாக நிலைத்துவிடுகிறது. வளர்ந்த பிறகு தொற்றினால் 5 விழுக்காட்டினருக்கும் குறைவாகவே அப்படி நிலைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்வதாகக் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு என் மைத்துனரைப் போலவே ஒரு தொந்தரவும் தெரியாது.

ரத்தம் எடுக்கும் பகுதியைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறையவே இருக்கிறது. இடம் குறுகலானதுதான், ஆனால் சுத்தமாக இருக்கிறது. தியாகராயா கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். காலை ஏழு மணிக்கு முன்பே கதவைத் திறந்துவிடுவதால், வேலைக்குப் போகிறவர்கள் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை. ரத்தம் எடுத்த பெண் புதிய ஊசியின் உறையை எங்கள் கண் முன்னே பிரித்தார். கைப்பட்டையை அதிக நேரம் இறுக்கி வைக்காமல் குழாய்களை வரிசைப்படி நிரப்பினார். ஊதா மூடிக் குழாயை உலுக்காமல் நிதானமாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினார். ஒவ்வொரு குழாயிலும் பெயரையும் வயதையும் எங்களிடம் கேட்டு உறுதி செய்த பிறகே ஒட்டுச்சீட்டை ஒட்டினார். பெரிய விளம்பரப் பலகை வைத்திருக்கும் பல இடங்களில் இந்த ஒழுங்கு இல்லை.

வரவேற்பு மேசையில் அந்த ஒழுங்கு இல்லை. கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்க, அங்கிருந்த இளைஞர் ரசீதை உயர்த்திப் பிடித்து, "அண்ணே, ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் கேஸ் நீங்கதானே?" என்று உரக்கக் கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் அதை ரத்த வகை என்று நினைத்துக்கொண்டு, தமக்கும் அதே வகைதான் என்று மகிழ்ச்சியோடு பேச்சைத் தொடங்கினார். அன்று அந்தப் பெரியவரால் தப்பித்தோம். ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் உள்ள தெருக்களில், இந்த ஒரு கேள்வியே ஒருவரின் வாடகை வீட்டையும் பெண் பார்க்கும் பேச்சையும் பாதிக்கக்கூடும். ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவற்றின் வழியாகப் பரவும் இந்த வைரஸ் சோற்றுத் தட்டாலும் தண்ணீர்க் குவளையாலும் பரவுவதில்லை என்ற செய்தியை அதே நிலையம் சுவரில் ஒட்டி வைத்திருந்ததையும் சொல்லியாக வேண்டும்.

அடிப்படைத் தொகுப்பில் உள்ளவை அனைத்தும் தேவையானவை. வைரஸின் மேற்பரப்புப் புரதமான எச்.பி.எஸ். ஆன்டிஜனின் அளவு, எச்.பி.இ. ஆன்டிஜனும் அதற்கான எதிர்ப்பொருளும், ரத்தத்தில் உள்ள வைரஸ் டி.என்.ஏ. அளவு, கல்லீரல் நொதிகள், பிலிரூபின், அல்புமின், தட்டணு எண்ணிக்கையுடன் முழு ரத்தப் பரிசோதனை என்று பட்டியல் முடிகிறது. மேலும் கட்டினால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் உண்டு. குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும் என்று முன்னதாகவே சொல்லி அனுப்பினார்கள். இதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. வைரஸ் அளவைச் சர்வதேச அலகில் அச்சிட்டதோடு, பிரதிகளின் எண்ணிக்கையாகக் குறித்திருந்த எங்கள் பழைய அறிக்கையைக் காட்டியதும், ஓர் அலகு ஏறத்தாழ ஐந்து பிரதிகளுக்குச் சமம் என்று விளக்கி, வைரஸ் திடீரெனக் குறைந்துவிட்டதாக நாங்கள் மகிழ்ந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார் அங்குள்ள நோய்க்குறியியல் மருத்துவர். பரிசோதனை நிலையத்தில் இப்படி எதிரில் உட்கார வைத்து விளக்குகிறவர் கிடைப்பது அரிது.

குறை, கல்லீரல் நொதியான ஏ.எல்.டி. என்ற ஒற்றை வரியில் இருந்தது. மைத்துனருக்கு 42 அலகு. அதற்கு எதிரே 'இயல்பு: 50 வரை' என்று அச்சிட்டு, எண்ணைச் சாதாரணக் கறுப்பில் விட்டிருந்தார்கள். வைரஸ் டி.என்.ஏ. மில்லிலிட்டருக்கு மூவாயிரம் அலகைத் தாண்டியிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஏ.எல்.டி.யின் இயல்பு மேல் வரம்பை ஆண்களுக்கு 30 என்றும் பெண்களுக்கு 19 என்றும் வைத்து, அந்த வரம்பைத் தாண்டிய ஒருவருக்கு வைரஸ் அளவும் 2000 அலகுக்கு மேல் இருந்தால் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. அதாவது, அறிக்கையில் கறுப்பில் அடங்கிக் கிடந்த அந்த 42தான் அத்தனை பக்கங்களிலும் மிக முக்கியமான எண். நொதிக்கருவியைத் தயாரித்தவர் கொடுத்த வரம்பை அப்படியே அச்சிடுவது பரிசோதனை நிலையங்களின் வழக்கம் என்பதும், அது சட்டப்படி தவறன்று என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கென்றே பெயர் சூட்டி விற்கும் தொகுப்பில், அந்த நோய்க்கான வரம்பை ஓர் அடிக்குறிப்பாகவாவது தருவதில் என்ன சிரமம்?

இனி மரபணு இணைப்புக்கு வருகிறேன். அடிப்படைத் தொகுப்பின் விலையைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இதற்கு வாங்குகிறார்கள். வழவழப்பான தாளில், வண்ணக் கட்டங்களுடன், டி.எல்.ஆர்.2, டி.எல்.ஆர்.7, ஐ.எஸ்.ஜி.15, எம்.எக்ஸ்.1, சி.எக்ஸ்.சி.எல்.10, பி.டி.1 முதலிய மரபணுக்கள் ரத்த அணுக்களில் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை அம்புக்குறிகளால் காட்டும் அறிக்கை அது. விளம்பரத் தாளில் 'உங்கள் உடல் வைரஸை எதிர்க்கிறதா என்பதை உங்கள் மரபணுக்களே சொல்லட்டும்' என்ற வாசகம் இருந்தது. மைத்துனர் அதைப் படித்துவிட்டு, "மாமா, இதையும் எடுத்துடலாம், நிம்மதியா இருக்கும்" என்றார். நோயுற்றவருக்கு நிம்மதியின் விலையை வெளியாள் நிர்ணயிக்க முடியாது என்பதால் நானும் மறுக்கவில்லை.

இந்த மரபணுக்களின் பின்னால் உள்ள அறிவியல் உண்மையானது, சுவையானதும் கூட. உடலுக்குள் வைரஸ் நுழைந்ததும் அதன் மரபுப்பொருளையும் புரதங்களையும் அடையாளம் காண்பதற்கென்றே டி.எல்.ஆர். எனப்படும் உணர்விகள் நம் அணுக்களில் உள்ளன. அவை எச்சரிக்கை எழுப்பினால் இன்டர்ஃபெரான் என்ற புரதம் சுரக்கும். இன்டர்ஃபெரான் பட்ட அணுக்களில் ஐ.எஸ்.ஜி.15, எம்.எக்ஸ்.1 போன்ற நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொண்டு வைரஸின் பெருக்கத்துக்குத் தடை போடும். பெரும்பாலான வைரஸ்கள் இந்த எச்சரிக்கையை எழுப்பிவிடுகின்றன. ஹெபடைடிஸ் பி அந்த விஷயத்தில் பூனைநடை போடும் திருடன். சிம்பன்சிகளின் கல்லீரலில் மரபணு வெளிப்பாட்டை, அதாவது மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதை, தொடர்ந்து அளந்து 2004ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு, வைரஸ் பெருகிப் பரவிய தொடக்க வாரங்களில் கல்லீரலின் மரபணுக்களில் குறிப்பிடத்தக்க சலனமே இல்லை என்றும், பின்னர் டி அணுக்கள் எனப்படும் வெள்ளையணுக்கள் வந்து வைரஸை அகற்றத் தொடங்கியபோதுதான் ஏராளமான மரபணுக்கள் கிளர்ந்தெழுந்தன என்றும் காட்டியது. நாள்பட்ட தொற்றில் நிலைமை இன்னும் மாறுகிறது. எச்.பி.இ. ஆன்டிஜன் உள்ள நோயாளிகளின் கல்லீரல் அணுக்களிலும் ரத்தத்தின் மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களிலும் டி.எல்.ஆர்.2 குறைந்திருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டு தெரிவித்தார்கள். ஆண்டுக்கணக்கில் வைரஸுடன் போராடிச் சோர்ந்த டி அணுக்களின் மேற்பரப்பில் பி.டி.1 என்ற தடைப் புரதம் மிகுந்து, அவற்றைச் செயலற்றுப் போக வைக்கிறது. கல்லீரலுக்கு வெள்ளையணுக்களை அழைக்கும் சி.எக்ஸ்.சி.எல்.10, அழற்சி கூடும்போது கூடுகிறது. விளம்பரத் தாளை எழுதியவர் ஆய்விதழ்களைப் படித்திருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் ஆய்வில் ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுச் சொன்ன உண்மையை, தனி ஒருவரின் ரத்தக் குழாயிலிருந்து வாசித்துவிட முடியாது. முதல் சிக்கல் குழாயிலேயே இருக்கிறது. மரபணு வெளிப்பாட்டை அளப்பதென்றால் அணுக்களில் உள்ள ஆர்.என்.ஏ.வை அளப்பது. ரத்தம் உடலை விட்டு வெளியேறிய பின்னும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. குளிர், அதிர்வு, காத்திருப்பு ஆகிய அனைத்துக்கும் அவை எதிர்வினையாற்றுவதால், சில மணி நேரத்துக்குள்ளேயே சில மரபணுக்களின் அளவு மாறிவிடும். அதனால்தான் எடுத்த கணமே அணுக்களை உடைத்து ஆர்.என்.ஏ.வை அப்படியே நிலைநிறுத்தும் வேதிப்பொருள் கொண்ட தனிக் குழாய்களை ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. இங்கே எடுத்ததோ சாதாரண ஊதா மூடிக் குழாய். அதைப் பற்றிக் கேட்டபோது, "இதுவே போதும் சார், மெயின் லேப்ல சொல்லியிருக்காங்க" என்றார் அந்தப் பெண். அந்த மெயின் லேப் வெளிமாநிலத்தில் இருந்தது. குளிர்ப்பெட்டியில் வைத்த குழாய் மாலையில்தான் கிளம்பியது. கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நெடுஞ்சாலையில் அந்த இருசக்கர வாகனம் விமான நிலையத்தை எட்டவே எவ்வளவு நேரமாகியிருக்கும் என்பதை இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சிக்கல் எண்களில். அறிக்கையில் டி.எல்.ஆர்.2க்கு நேராக '0.62 மடங்கு' என்று எழுதி, கீழ்நோக்கிய தடித்த சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தார்கள். எதைக் காட்டிலும் 0.62 மடங்கு? ஒப்பிட்ட ஆரோக்கியமானவர்கள் எத்தனை பேர், என்ன வயது, ஆணா பெண்ணா, அவர்களிடையே இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று ஒரு வரி கூட இல்லை. மரபுப்பொருளைப் பெருக்கி அளக்கும் பி.சி.ஆர். கருவியில் ஒவ்வொரு சுற்றிலும் மரபுப்பொருள் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அந்தக் கணக்குப்படி 0.62 மடங்கு என்பது முழுதாக ஒரு சுற்று வேறுபாடு கூட இல்லை, முக்கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவு. ஒரே மாதிரியை இரண்டு முறை ஓட்டினாலும், வேறு ஒப்பீட்டு மரபணுவைத் தேர்ந்தெடுத்தாலும், ரத்தத்தில் மோனோசைட்டுகளின் விகிதம் சற்றே மாறியிருந்தாலும் இந்த அளவுக்கு வேறுபாடு வரக்கூடும். ஏ.எல்.டி. வரியில் கறுப்பாக இருந்த எண்ணைக் கண்டுகொள்ளாத நிலையம், இந்தக் கால்காசு பெறாத வேறுபாட்டுக்குச் சிவப்பு மையைக் கொட்டியிருந்தது.

மூன்றாவதாக, ஐ.எஸ்.ஜி.15, எம்.எக்ஸ்.1 ஆகியவை மேலே போயிருந்தன. அதற்கு 'வைரஸுக்கு எதிரான செயல்பாடு நன்று' என்று பச்சை நிறத்தில் பாராட்டும் இருந்தது. ரத்தம் கொடுத்த வாரத்தில் மைத்துனருக்குச் சளியும் காய்ச்சலும் இருந்தன. இந்த மரபணுக்கள் ஃப்ளூவுக்கும் எழும்பும், டெங்குவுக்கும் எழும்பும். எந்த வைரஸ் என்று அவை பெயர் சொல்வதில்லை. அண்மையில் காய்ச்சல் இருந்ததா என்று படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சண்டை நடப்பது கல்லீரலில். அளப்பதோ கையிலிருந்து எடுத்த ரத்தத்தில். கல்லீரலுக்குள்ளே தங்கிவிட்ட டி அணுக்களின் நிலையை ரத்தத்தில் சுற்றும் அணுக்கள் அப்படியே எதிரொலிப்பதில்லை.

அறிக்கையோடு சேர்த்து, டி.எல்.ஆர். செயல்பாட்டைத் 'தூண்டுவதற்கு' என்று ஒரு மூலிகைக் காப்ஸ்யூல் டப்பாவையும் மேசையில் காட்டினார்கள். இது எனக்குக் கோபத்தை வரவழைத்தது. டி.எல்.ஆர்.7ஐத் தூண்டும் வெசடோலிமோட் என்ற மருந்தை முறையான ஆய்வுகளில் ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களின் ரத்தத்தில் ஐ.எஸ்.ஜி.15 எதிர்பார்த்தபடியே உயர்ந்தது, ஆனால் எச்.பி.எஸ். ஆன்டிஜன் குறிப்பிடத்தக்க அளவில் இறங்கவில்லை. அம்புக்குறி மேலே போனால் நோய் கீழே போகும் என்ற கணக்கு, இந்த நோய்க்கென்றே வடிவமைத்த மருந்திலேயே பலிக்கவில்லை என்னும்போது, டப்பாவில் அடைத்த காப்ஸ்யூலைப் பற்றி என்ன சொல்வது?

மூலிகையால் இந்த நோயைத் தீர்க்கும் ஆசை சென்னைக்குப் புதிதன்று. கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்ததாகவும், வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நேர்ந்ததாகவும் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இந்த ஊரிலிருந்து போனதுதான். அதை எழுதியவர்களில், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் ஒருவர். நேர்மையாக நடத்தி, ஒப்பீட்டுக் குழுவோடு வெளியிட்ட ஆய்வு அது. என்றாலும் பின்னர் வேறு இடங்களில் செய்து பார்த்தவர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை. அத்தகைய ஆய்வுக்கே அந்தக் கதி என்றால், ஒப்பீட்டுக் குழுவே இல்லாத ஓர் அம்புக்குறியை நம்பிக் காப்ஸ்யூல் வாங்குவதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு குடல், கல்லீரல் மருத்துவரிடம் போனோம். அவர் வண்ணப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். வைரஸ் டி.என்.ஏ., ஏ.எல்.டி., தட்டணு எண்ணிக்கை, ஃபைப்ரோஸ்கேனில் வந்த கிலோபாஸ்கல் அளவு ஆகியவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதி, பழைய அறிக்கையின் எண்களை அவற்றுக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். பழைய அறிக்கையிலும் ஏ.எல்.டி. 30க்கு மேல்தான் இருந்தது. குடும்பத்தில் எவருக்காவது கல்லீரல் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். டெனோஃபோவிர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதை நீண்ட காலம் சாப்பிட வேண்டியிருக்கும், தாமாக நிறுத்தினால் நோய் திரும்பி வெடிக்கும் என்று இரண்டு முறை எச்சரித்தார். கல்லீரல் அணுவின் உட்கருவில் வைரஸின் வட்ட வடிவ டி.என்.ஏ. பதுங்கியிருப்பதால், மாத்திரை பெருக்கத்தை அடக்குமே தவிர வேரோடு பிடுங்காது என்பதுதான் அதன் காரணம். மரபணு அறிக்கையைப் பார்த்து அவர் எடுத்த முடிவு ஒன்றுமில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளும் மருந்தும் இலவசம். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. குடல், கல்லீரல் நோய்களுக்கான தனிப்பிரிவும் அங்கே உண்டு. வரிசையில் நிற்க நேரம் உள்ளவர்கள் முதலில் அங்கே விசாரித்துவிட்டுப் பிறகு தனியாரிடம் போகலாம். நேரம் இல்லாதவர்களுக்கு இந்த நிலையத்தின் அடிப்படைத் தொகுப்பை நான் தயங்காமல் சொல்வேன். மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கான குடும்பப் பரிசோதனையைச் சலுகை விலையில் செய்து கொடுத்து, தொற்று இல்லாதவர்களுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி போட்டு, பிறகு எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகைத் தாண்டியதா என்று சரிபார்க்கும் ஏற்பாடும் அவர்களிடம் இருக்கிறது. மரபணு இணைப்புக்கு ஆகும் பணத்தை இதில் செலவிட்டால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் பயன்படும்.

ஏ.எல்.டி. வரம்பு, காய்ச்சல் பற்றிய கேள்வி, வரவேற்பு மேசையில் நோயின் பெயரைக் கூவுவது ஆகிய மூன்றையும் எழுத்தில் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது பெயருக்குப் பதிலாக டோக்கன் எண்ணைச் சொல்லி அழைத்தார்கள். ஏ.எல்.டி. வரியின் கீழே ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்ற குறிப்பும் சிறிய எழுத்தில் சேர்ந்திருந்தது. மரபணு இணைப்பின் விளம்பரத் தாளும் காப்ஸ்யூல் டப்பாவும் மேசையில் அப்படியேதான் இருந்தன.